காற்பந்துத் திடலில் ஓர் ஆங்கில வகுப்பு

"எம்பிள்ளைக்கு மற்றப் பாடமெல்லாம் வந்துடுது வாத்தியாரே, இந்த இங்கிலீசுதான் வரமாட்டேங்குது." தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியராக இருப்பவர் எவரும் இந்த வார்த்தையை ஆண்டுக்குப் பத்து முறையாவது கேட்டிருப்பார். இதைச் சொல்லும் பெற்றோரின் குரலில் கோபம் இருப்பதில்லை, கலக்கம்தான் இருக்கும். தோட்டத்தைத் தாண்டிப் போக வேண்டிய பிள்ளை வாசலிலேயே தடுக்கி விழுந்துவிடுமோ என்ற கலக்கம் அது.

அந்தப் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். வெயில் தாழ்ந்த பிறகு ஒரு நாள் திடல் பக்கம் போய் நில்லுங்கள். ஆட்டத்தைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, காதை மட்டும் கொடுங்கள். "பாஸ் பண்ணுடா!", "கார்னர், கார்னர்!", "ஹேண்ட்பால்!", "ரெஃப்ரி, ஃபௌல்!", "கோல்கீப்பர் எங்கடா போனான்?" என்று சத்தம் வரும். அதில் பாதிக்கு மேல் ஆங்கிலம். இங்கிலீசு வராத பிள்ளைக்கு இத்தனை சொற்கள் எப்படி வந்தன? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடித்தும் அதட்டியும் மனப்பாடம் செய்ய வைக்கவில்லை. ஆசை இருந்த இடத்தில் சொல் தானாக ஒட்டிக்கொண்டது.

இது நமக்குப் புதிதும் அன்று. நம் பாட்டன் பாட்டிமார் பள்ளி வாசலை மிதிக்காமலே எத்தனையோ ஆங்கிலச் சொற்களைக் காதால் பிடித்தார்கள். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திய "பெரேட்" அவர்கள் வாயில் "பெரட்டு" ஆயிற்று. வீட்டு வரிசையான "லைன்" லயம் ஆயிற்று. ஆபீஸ், ஸ்டோர், ஃபீல்டு கண்டக்டர், செக்ரோல் எல்லாமே அப்படி வந்தவைதான். ஆனால் அந்தச் சொற்கள் நாவோடு நின்றுவிட்டன. பெரட்டில் பெயர் கூப்பிட்டால் குரல் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, செக்ரோலில் தம் பெயருக்கு எதிரே எத்தனை நாள் எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியவில்லை. காதில் இருக்கும் சொல் வேறு, கையில் இருக்கும் சொல் வேறு. இந்த வேறுபாட்டுக்கு அவர்கள் கொடுத்த விலை நமக்குத் தெரியும்.

ஆகவே நம் பிள்ளைகள் விஷயத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. திடலில் காதால் பிடித்த சொல்லை எழுத்துக்கும் வாக்கியத்துக்கும் கொண்டுவர வேண்டும். அதற்கு உதவியாகச் சில சொற்களை இங்கே வகைப்படுத்தித் தருகிறேன். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

திடலும் கோல் கம்பமும்

விளையாடும் இடம் "ஃபீல்டு" அல்லது "பிட்ச்". மலாயில் இதையே பாடாங் என்கிறோம். நான்கு மூலைகளும் "கார்னர்". எல்லைக் கோடு "லைன்". நாம் குடியிருந்த லயமும் இந்த லைனும் ஒரே சொல்தான் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள், மறக்கமாட்டான்.

கோலுக்கு இரு பக்கமும் நிற்பவை "போஸ்ட்", அவற்றின் மேல் குறுக்கே கிடப்பது "கிராஸ்பார்", பின்னால் தொங்குவது "நெட்". இரண்டு போஸ்டுகளுக்கும் இடைவெளி 8 கெஜம், அதாவது 24 அடி. தரையிலிருந்து கிராஸ்பாரின் உயரம் 8 அடி. பெனல்டி அடிக்கும் புள்ளி கோல் கோட்டிலிருந்து 12 கெஜம். ஒரு கெஜத்துக்கு 3 அடி என்று நினைவூட்டினால் கணக்குப் பாடமும் கூடவே நடந்துவிடும்.

தமிழில் "அடி" என்றால் பாதம். அளவுக்கும் அதுவே பெயர். ஆங்கிலத்திலும் அப்படியே. "ஃபுட்" என்றால் பாதம், அளவும் ஃபுட்தான். ஒன்றானால் "ஃபுட்", ஒன்றுக்கு மேற்பட்டால் "ஃபீட்". பல்லுக்கு "டூத்", பற்களுக்கு "டீத்" என்று வருவதும் இதே முறை.

ஃபுட்பால் என்ற பெயரையும் பிரித்துக் காட்டலாம். ஃபுட் என்றால் கால், பால் என்றால் பந்து. காற்பந்து என்று நாம் சொல்வது அச்சாக அதேதான். மலாய்க்காரர்கள் "போலா செபாக்" என்கிறார்கள். போலா பந்து, செபாக் உதை. மூன்று மொழியும் ஒரே பொருளை மூன்று விதமாகக் கட்டியிருக்கின்றன. அமெரிக்கர்கள் சொல்லும் "சாக்கர்" என்ற சொல்லும் இங்கிலாந்தில் பிறந்ததுதான். 1863-ல் லண்டனில் ஃபுட்பால் அசோசியேஷன் என்ற சங்கம் அமைந்தது. அசோசியேஷன் என்ற நீண்ட சொல்லின் நடுவிலிருந்து மாணவர்கள் "சாக்" என்ற துண்டை எடுத்து, வால் ஒன்று சேர்த்துச் சாக்கர் என்று விளையாட்டாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

ஆட்டக்காரர்கள்

ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். கோலைக் காப்பவர் "கோல்கீப்பர்", பின்னால் நின்று தடுப்பவர் "டிஃபெண்டர்", நடுத்திடலில் ஆடுபவர் "மிட்ஃபீல்டர்", முன்னேறிக் கோல் அடிப்பவர் "ஸ்ட்ரைக்கர்".

இந்தப் பெயர்களின் கடைசியில் நிற்கும் "அர்" என்ற ஒலியைப் பிள்ளை கவனிக்கட்டும். எழுதும்போது இ, ஆர் என்ற இரண்டு எழுத்துகள். "பிளே" என்றால் விளையாடு, பிளேயர் விளையாடுபவர். "கீப்" என்றால் காத்து வை, கீப்பர் காப்பவர். "டிஃபெண்ட்" என்றால் தடுத்துக் காப்பாற்று; டிஃபெண்டர் அப்படிக் காப்பாற்றுபவர். இந்தக் கணக்கு புரிந்த பிள்ளையிடம், "டேப்" என்றால் பால்மரம் வெட்டுவது, வெட்டுகிறவரை என்னவென்று சொல்வாய் என்று கேளுங்கள். "டேப்பர்" என்று பட்டென்று சொல்லும். டீச்சர், டிரைவர், ஷாப்கீப்பர் எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வரும். ஒரு விதி தெரிந்தால் ஐம்பது சொற்கள் கைக்கு வருகின்றன.

கோல்கீப்பர் என்றதும் நம் நாட்டில் மூத்தவர்களுக்கு நினைவு வருபவர் ஆர். ஆறுமுகம். கைகளை நீட்டி அவர் பந்தைப் பிடிக்கும் அழகைப் பார்த்து "ஸ்பைடர்மேன்" என்று பெயர் வைத்தார்கள். ஸ்பைடர் என்றால் சிலந்தி. 1980-ல் கோலாலம்பூரில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோலைக் காத்தவர் அவர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அணி போகவில்லை. ஆறுமுகம் 1988-ல் சாலை விபத்தில் காலமானார். சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்திக்கு "டேஸ்லர்" என்று பெயர். "டேஸ்ல்" என்றால் கண்ணைக் கூசச் செய்தல். இங்கும் அதே "அர்" வந்திருப்பதைப் பிள்ளை கண்டுபிடிக்கட்டும்.

ஒலியும் எழுத்தும்

நம் பிள்ளைகளுக்கு முதல் தடங்கல் எஃப் என்ற எழுத்து. தமிழில் அந்த ஒலி இல்லாததால் "ஃபௌல்" என்பது "பவுல்" ஆகிவிடுகிறது. மேல்பல்லைக் கீழுதட்டின் மேல் மெல்ல வைத்துக் காற்றை விடச் சொல்லுங்கள். ஃபுட், ஃபீல்டு, ஃபௌல், ஃப்ரீ கிக், ஹாஃப் டைம் ஆகிய ஐந்து சொற்களை நாளுக்குப் பத்துத் தடவை சொன்னால் ஒரு வாரத்தில் படிந்துவிடும்.

ஃபௌல் என்றால் முறைகேடான ஆட்டம். எஃப், ஓ, யு, எல் என்று எழுத வேண்டும். யு இருக்கும் இடத்தில் டபிள்யு போட்டுவிட்டால் ஒலி மாறாது, பொருள் கோழி ஆகிவிடும்! இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். சிரித்துப் படித்த எழுத்துக் கூட்டல் மறப்பதில்லை.

ஊமை எழுத்துகளும் திடலில் உண்டு. "ஹாஃப்" என்பதில் எல் எழுத்து ஒலிக்காது. "விசில்" என்பதில் டி ஒலிக்காது. பெனல்டி என்ற சொல்லை "பெனால்டி" என்று நடுவில் இழுக்கக் கூடாது. முதல் "பெ"யில்தான் அழுத்தம். அதற்கு மாறாக ரெஃபரீ என்ற சொல்லில் கடைசி "ரீ"யில் அழுத்தம்.

"பண்ணு" என்ற ஊன்றுகோல்

"பாஸ் பண்ணு", "சேவ் பண்ணு", "ஷூட் பண்ணு" என்று ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பின்னால் நாம் ஒரு பண்ணு வைக்கிறோம். தமிழ்ப் பேச்சில் அது இருக்கட்டும். ஆங்கிலத்தில் பேசும்போது அந்த ஊன்றுகோல் வேண்டாம். "பாஸ்!" என்று சொன்னாலே "தள்ளிக் கொடு" என்று கட்டளை ஆகிவிடும்.

அடுத்தது சொற்களின் வரிசை. "எனக்குப் பந்தைக் கொடு" என்று தமிழில் சொல்கிறோம். எனக்கு முதலில், பந்து நடுவில், கொடு கடைசியில். ஆங்கிலத்தில் இது தலைகீழ்: "பாஸ் தி பால் டு மீ." கொடு முதலில், பந்து நடுவில், எனக்கு கடைசியில். நம் பிள்ளைகள் ஆங்கில வாக்கியத்தில் தடுமாறுவதற்குப் பெரிய காரணம் இந்த வரிசை மாற்றம்தான். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது விழிக்கிற பிள்ளை, பந்தைக் கையில் கொடுத்துச் சொல்லச் சொன்னால் சரியாகச் சொல்லிவிடுகிறது.

காலமும் திடலில் விளங்கும். நேர்முக வருணனை செய்பவர் ஆட்டம் நடக்கும்போதே பேசுகிறார்: "ஹி ரன்ஸ், ஹி பாஸஸ், ஹி ஷூட்ஸ்!" அவன், அவள் என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது வினையின் பின்னால் எஸ் வருகிறது. பிள்ளைகள் தேர்வில் விட்டுவிடும் எஸ் இதுதான். மறுநாள் நாளிதழ் அதே ஆட்டத்தை எழுதும்போது எல்லாம் இறந்தகாலம்: "ஹி ரேன், ஹி பாஸ்ட், ஹி ஷாட்." கிக் என்பது கிக்ட், சேவ் என்பது சேவ்ட், கேட்ச் என்பது காட், த்ரோ என்பது த்ரூ, ஃபால் என்பது ஃபெல். ஹிட் மட்டும் நேற்றும் ஹிட், இன்றும் ஹிட். வருணனையை ஒரு பக்கமும் நாளிதழ்ச் செய்தியை மறு பக்கமும் வைத்தால், நிகழ்காலமும் இறந்தகாலமும் கண்ணெதிரே நிற்கும்.

வென்றதும் தோற்றதும்

நம் நாட்டில் பெரியவர்களும் தவறும் இடம் இது. "அவர்களை ஜெயித்தோம்" என்பதற்கு "வீ ஒன் தெம்" என்று சொல்கிறார்கள். அது தவறு. ஆட்டத்தையோ கிண்ணத்தையோ வெல்வதற்குத்தான் "வின்". அதன் இறந்தகாலம் "ஒன்". எதிரணியைத் தோற்கடிப்பதற்கு "பீட்" என்ற வேறு சொல் இருக்கிறது. "வீ பீட் தெம்", "வீ ஒன் தி மேட்ச்" என்று சொல்ல வேண்டும். பீட் என்பது இறந்தகாலத்திலும் பீட்தான்.

தோற்பதற்கு "லூஸ்", இறந்தகாலத்தில் "லாஸ்ட்". எழுதும்போது ஒரே ஓ. இரண்டு ஓ போட்டால் தளர்ந்தது என்று பொருள். காலணிக் கயிறு தளர்ந்தால் அந்தச் சொல். சமமாக முடிந்தால் "டிரா". கோல் எதுவும் இல்லை என்பதற்குக் காற்பந்தில் "நில்" என்பார்கள். 2-0 என்பது "டூ நில்".

ஓர் உண்மைக் கதையை வைத்து இதைப் பழகலாம். 2010 டிசம்பரில் தென்கிழக்காசியக் கிண்ணத்தின் இறுதியாட்டம் மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இரண்டு சுற்றாக நடந்தது. மலேசிய அணிக்குப் பயிற்சியாளர் கே. ராஜகோபால். முதல் சுற்று புக்கிட் ஜாலிலில். மலேசியா 3-0 என்று வென்றது. இரண்டாம் சுற்று ஜகார்த்தாவில்; மலேசியா 1-2 என்று தோற்றது. மொத்தத்தில் 4-2 என்ற கணக்கில் கிண்ணம் நமக்கு வந்தது. இதை ஆங்கிலத்தில் சொன்னால், "மலேசியா பீட் இந்தோனேசியா த்ரீ நில் இன் தி ஃபர்ஸ்ட் லெக். தே லாஸ்ட் தி செகண்ட் லெக் டூ ஒன். தே ஒன் தி கப்." பீட், லாஸ்ட், ஒன் மூன்றும் ஒரே கதையில் தம் தம் இடத்தில் நிற்கின்றன. இங்கே "லெக்" என்பதற்குக் கால் என்று பொருள் அல்ல; இரண்டு ஆட்டங்களில் ஒன்று என்று பொருள்.

பந்து எங்கே போயிற்று?

தமிழில் மேலே, கீழே, உள்ளே என்பவை பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் முன்னால் வரும். கம்பத்துக்கு மேலே போனால் "ஓவர் தி பார்". கம்பங்களுக்கு நடுவே போனால் "பிட்வீன் தி போஸ்ட்ஸ்". வலைக்குள் போனால் "இன்டு தி நெட்". கோலுக்குப் பின்னால் போனால் "பிஹைண்ட் தி கோல்". கோட்டைத் தாண்டினால் "ஓவர் தி லைன்". பிள்ளைகள் இந்தச் சிறு சொற்களைத்தான் மாற்றி மாற்றிப் போட்டு மதிப்பெண் இழக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் ஓர் எலுமிச்சம்பழமும் இரண்டு டம்ளரும் இருந்தால் போதும், இந்தப் பாடத்தை நடத்திவிடலாம்.

ஒரு சொல்லுக்கு இரண்டு வீடு

திடலில் படித்த சொல் திடலோடு நிற்பதில்லை. ஊருக்குள்ளும் அதற்கு வேலை உண்டு.

"டேப்" என்றால் பந்தை மெல்லத் தட்டுவது. தண்ணீர்க் குழாயும் டேப்தான். பால்மரத்தில் கோடு கீறிப் பாலை வடிப்பதும் டேப்தான்.

"ஸ்ட்ரைக்" என்றால் ஓங்கி அடிப்பது, அதிலிருந்துதான் ஸ்ட்ரைக்கர். வேலைநிறுத்தத்துக்கும் அதே பெயர் என்பதை நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த ஸ்ட்ரைக்கைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

"சேவ்" என்றால் கோலைக் காப்பாற்றுவது. வங்கியில் பணம் சேர்ப்பதும் சேவ். "பாஸ்" என்றால் பந்தைத் தள்ளுவது. தேர்வில் தேறுவதும் பாஸ். "டிரா" என்றால் சமநிலை. படம் வரைவதும் டிரா. "போஸ்ட்" என்றால் கம்பம். அஞ்சலும் போஸ்ட், உத்தியோகமும் போஸ்ட். "பெனல்டி" என்றால் தண்டனை உதை. கட்டணத்தை நாள் தவறிக் கட்டினால் விதிக்கப்படும் தண்டத் தொகையும் பெனல்டி. "கோல்" என்றால் பந்து நுழைய வேண்டிய இடம்; வாழ்க்கையில் நாம் அடைய விரும்பும் குறிக்கோளும் கோல்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது "ரெஃபரீ". வேலைக்கு மனுப்போடும் ஆங்கிலப் பாரங்களில் "இரண்டு ரெஃபரீக்களின் பெயரை எழுதுக" என்று ஓர் இடம் இருக்கும். காற்பந்து ரெஃபரீயை மட்டும் அறிந்த இளைஞன் அங்கே பேனாவை வைத்துவிட்டு விழிப்பான். நம்மைப் பற்றி நற்சான்று சொல்லக்கூடிய இருவரின் பெயரைத்தான் அங்கே கேட்கிறார்கள். இரண்டு பொருளுக்கும் வேர் ஒன்றே. "ரெஃபர்" என்றால் ஒருவரிடம் கேட்கச் சொல்லி அனுப்புதல். அந்தக் காலத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஓர் அம்பயர் இருந்தார். இருவருக்கும் கருத்து ஒத்துவராவிட்டால் திடலுக்கு வெளியே இருந்த மூன்றாமவரிடம் கேட்பார்கள். அவர்தான் ரெஃபரீ. 1891-ல் அவரைத் திடலுக்குள் கொண்டுவந்து முழுப் பொறுப்பையும் கொடுத்தார்கள். பெனல்டி உதை பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

அட்டை பிறந்த கதை

மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் எப்படி வந்தன என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1966 ஜூலை 23-ல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் உலகக் கிண்ணக் காலிறுதியில் மோதின. நடுவர் ஜெர்மானியர். அவர் அர்ஜென்டினாவின் தலைவர் ரத்தீனை வெளியே போகச் சொன்னார். நடுவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ரத்தீனுக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு அவர் திடலை விட்டு நகர மறுத்தார். பல நிமிடங்கள் ஆட்டம் நின்றது.

அந்தப் போட்டிக்கு நடுவர்களின் பொறுப்பாளராக இருந்தவர் கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயர். காரில் போய்க்கொண்டிருந்தபோது சாலையின் சமிக்ஞை விளக்கைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்தது. மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நில். எந்த மொழிக்காரருக்கும் இது புரியும். 1970-ல் மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தன.

மொழி தெரியாத குறையைத் தீர்க்கத்தான் அட்டை வந்தது. திடலில் அது போதும். ஆனால் வங்கியிலும் நேர்முகத் தேர்விலும் நமக்கு யாரும் வண்ண அட்டை காட்டப்போவதில்லை. அங்கே சொல்தான் வேண்டும்.

உடம்புச் சொற்கள்

காற்பந்து ஆடும் பிள்ளை அடிபடாமல் இருப்பதில்லை. ஆகவே உடம்புச் சொற்களைத் திடலில் கற்பது எளிது. "ஹெட்" தலை, "செஸ்ட்" மார்பு, "ஷோல்டர்" தோள், "தை" தொடை, "ஷின்" கெண்டைக்காலின் முன்னெலும்பு, "ஹீல்" குதிகால், "டோ" கால்விரல்.

முழங்காலுக்கு ஆங்கிலத்தில் "நீ". கே, என், இ, இ என்று எழுத வேண்டும். முதல் கே ஊமை. கணுக்கால் "ஏங்க்கிள்". இதைச் சற்றுக் கவனமாகச் சொல்லப் பழக்குங்கள். இல்லாவிட்டால் மருத்துவரிடம் போய், "என் அங்கிள் வீங்கிவிட்டார்" என்று சொன்னதாக ஆகிவிடும்!

தசை பிடித்துக்கொண்டால் "கிரேம்ப்", சுளுக்கினால் "ஸ்ப்ரெய்ன்", அடிபட்டுக் கன்றிப்போனால் "புரூஸ்", இரத்தம் வந்தால் "பிளீடிங்", வீங்கினால் "ஸ்வெல்லிங்". வலியைச் சொல்லும்போது "மை நீ இஸ் பெயினிங்" என்று சொல்ல வேண்டாம். "மை நீ ஹர்ட்ஸ்" என்பதே சரி. "ஐ ஹேவ் எ பெயின் இன் மை நீ" என்றும் சொல்லலாம்.

விளையாட்டுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மங்கு சுமந்தும் செம்பனைக் குலை தூக்கியும் முழங்காலும் தோளும் தேய்ந்துபோன தாய் தந்தையருக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போவது பல வீடுகளில் பள்ளிப் பிள்ளைதான். மருத்துவர் மலாயில் கேட்டாலும் மருந்துச் சீட்டில் ஆங்கிலம் இருக்கும். எங்கே வலி, எத்தனை நாளாக வலி, வீக்கம் உண்டா, இல்லையா என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை கூட இருந்தால் தாய்க்குக் கிடைக்கும் கவனிப்பே வேறு.

பண்பான வார்த்தைகள்

நல்ல ஆட்டத்துக்கு "வெல் பிளேய்டு". கோல் தவறிய தோழனுக்கு "ஹார்ட் லக்". பின்னால் ஆள் வருவதை எச்சரிக்க "மேன் ஆன்". இடித்துவிட்டால் "சாரி". கைகொடுத்து எழுப்பினால் "தேங்க் யூ". திடலில் கெட்ட வார்த்தையும் ஆங்கிலத்தில் பறக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. அதைத் தடுப்பதற்குச் சிறந்த வழி, அந்த இடத்தில் சொல்வதற்கு நல்ல வார்த்தை ஒன்றைக் கற்றுக் கொடுப்பதே.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒன்று: நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். மூன்று கட்டம். முதலில் ஆங்கிலச் சொல், அடுத்து தமிழ்ப் பொருள், கடைசியில் ஒரு முழு வாக்கியம். நாளுக்கு மூன்று சொல் போதும். வாரத்தில் ஐந்து நாள் எழுதினால் பத்து வாரத்தில் நூற்றைம்பது சொற்கள் சேர்ந்துவிடும்.

இரண்டு: ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கம் ஒன்று வாரத்துக்கு ஒரு முறை கிடைத்தாலும் போதும். தெரிந்த சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்குக் கோடு போடச் சொன்னால் பிள்ளை சோர்ந்துவிடும். தெரிந்த சொல்லை எண்ணச் சொன்னால் தெம்பு வரும்.

மூன்று: தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ ஆட்டம் பார்க்கும்போது ஐந்து நிமிடம் ஒலியை அடைத்துவிடுங்கள். பிள்ளையே வருணனை செய்யட்டும். ஹி ரன்ஸ், ஹி ஃபால்ஸ் என்று இரண்டிரண்டு சொல்லாக வந்தாலும் நன்று.

நான்கு: பெண் பிள்ளைகளை ஒதுக்க வேண்டாம். அவர்களும் ஆடட்டும், ஆடாவிட்டாலும் புள்ளிக் கணக்கு எழுதட்டும். கோட்டோரம் கொடி பிடிப்பவரை முன்பு "லைன்ஸ்மேன்" என்றார்கள். 1996-ல் அந்தப் பெயரை மாற்றி "அசிஸ்டன்ட் ரெஃபரீ" என்றார்கள். மேன் என்ற சொல்லே அந்தப் பெயரிலிருந்து போய்விட்டது.

ஐந்து: "எங்களுக்கே இங்கிலீசு தெரியாதே, நாங்கள் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்பீர்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். "இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்னடா அர்த்தம்? எழுதிக் காட்டு, பார்ப்போம்" என்று கேளுங்கள். தகப்பனுக்குத் தான் ஆசிரியராகும்போது பிள்ளைக்கு வரும் பெருமை, எந்த டியூஷனிலும் கிடைக்காது.

காற்பந்துச் சொற்களே முழு ஆங்கிலம் ஆகிவிடாது. இலக்கணப் புத்தகமும் வேண்டும், கதைப் புத்தகமும் வேண்டும், வகுப்பில் ஆசிரியர் சொல்வதைக் கேட்கவும் வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை "எனக்கு இங்கிலீசு வராது" என்று தன்னைப் பற்றித் தானே முடிவு கட்டிவிட்டால், அதன் பிறகு எந்தப் புத்தகமும் உதவாது. "உனக்கு ஏற்கெனவே நூறு சொல் தெரியும், மீதியைச் சேர்த்துக்கொள்வோம்" என்று காட்டிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தப் பயம் போவது சிறிய காரியம் அன்று.

இன்று மாலை விளையாடி முடித்துப் பிள்ளை கால் கழுவி உள்ளே வந்ததும், ஆட்டம் என்னாயிற்று என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொல்லச் சொல்லுங்கள். "வீ லாஸ்ட் டூ நில்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னாலும் தட்டிக் கொடுங்கள். ஆட்டம் போனால் போகட்டும். அந்த வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை.